எஸ்ஆர்எஸ் பணத்தை எடுக்கத் தொடங்கிய பிறகு: ஒரு மதிப்புரை

சிங்கப்பூரில் டிசம்பர் பிறந்தால் கைப்பேசியில் எஸ்ஆர்எஸ் விளம்பரம் வர ஆரம்பித்துவிடும். 31ஆம் தேதிக்குள் பணம் போடுங்கள், அடுத்த ஆண்டு வரியைக் குறையுங்கள் என்று வங்கிகள் மாறி மாறி அனுப்பும். போடுவதைப் பற்றிச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எடுப்பதைப் பற்றி, அதிலும் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டு இரண்டு மூன்று பென்ஷனோடு காலம் தள்ளுபவர் எப்படி எடுப்பது என்பதைப் பற்றி, பொறுமையாக விளக்குபவர்கள் குறைவு. நான் இந்தக் கணக்கை 2009இல் திறந்தேன். 2018இல், 57 வயதில், துவாஸில் கப்பல் பட்டறை வேலையை விட்டேன். 2023இல் பணம் எடுக்கத் தொடங்கினேன். போட்டது, காத்திருந்தது, எடுப்பது என மூன்று கட்டத்தையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எஸ்ஆர்எஸ் 2001இல் அரசாங்கம் கொண்டுவந்த ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். சம்பளத்தில் பிடிக்கும் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) போலக் கட்டாயம் கிடையாது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளில் ஏதாவது ஒன்றில் திறக்கலாம். ஒருவருக்கு ஒரே கணக்குதான். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆண்டுக்கு 15,300 வெள்ளி வரை போடலாம், வெளிநாட்டவர் 35,700 வரை. போட்ட தொகை அந்த ஆண்டின் வருமானத்திலிருந்து கழியும். ஓய்வு வயதுக்குப் பிறகு எடுக்கும்போது பாதிக்கு மட்டும் வரி. முழுத் திட்டமும் இவ்வளவுதான். மீதியெல்லாம் எந்த வயதில், எந்த ஆண்டில், எவ்வளவு எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

போடும் கட்டத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வரிக்குரிய வருமானம் 80,000 வெள்ளிக்கு மேல் 120,000க்குள் இருப்பவருக்கு அந்த அடுக்கில் 11.5 விழுக்காடு வரி. அவர் 15,300 போட்டால் ஏறக்குறைய 1,760 வெள்ளி மிச்சம். 40,000க்கும் 80,000க்கும் இடையில் இருப்பவருக்கு 7 விழுக்காடு, அதாவது 1,071 வெள்ளி. அதற்கும் கீழே வருமானம் இருந்தால் இந்தக் கணக்கு தேவையில்லை என்பது என் கருத்து. 2 விழுக்காடு, 3.5 விழுக்காடு வரியை மிச்சப்படுத்துவதற்காக 62, 63 வயது வரை பணத்தைப் பூட்டி வைப்பதில் அர்த்தம் இல்லை. எல்லாக் கழிவுகளும் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 வெள்ளிக்கு மேல் போக முடியாது என்ற வரம்பும் உண்டு. வேலை பார்க்கும் தாய்மார்களுக்கான கழிவு பெறுபவர்கள் பணம் போடும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரம்பைத் தாண்டிவிட்டால் போட்ட பணத்துக்குச் சலுகை கிடைக்காது, பணம் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கணக்கில் சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி 0.05 விழுக்காடு. 10,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 5 வெள்ளி. போட்டதோடு மறந்துவிடும் ஆட்கள் நிறைய. என்னோடு வேலை செய்த ஃபோர்மன் ஒருவர், வரி குறைந்தால் போதும் என்று ஒவ்வோர் ஆண்டும் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தார். அந்தப் பணத்தைக் கொண்டு டி-பில் (அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன்பத்திரம்), சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரம், பங்கு, யூனிட் டிரஸ்ட், வைப்புத்தொகை, ஒரே தவணையில் கட்டும் காப்பீடு என்று பலதும் வாங்கலாம். சேமிப்புப் பத்திரம் 2019 முதல் எஸ்ஆர்எஸ் பணத்தில் கிடைக்கிறது. நான் பெரும்பகுதியைப் பங்குக் குறியீட்டு நிதியிலும், 55க்குப் பிறகு மெதுவாகப் பத்திரங்களிலும் வைத்தேன். வீடு, நிலம் மட்டும் வாங்க முடியாது.

ஒரு குறையை இங்கேயே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பங்கு விற்ற லாபத்துக்குத் தனிநபருக்கு வரி கிடையாது, வங்கி வட்டிக்கும் கிடையாது. அதே லாபம் எஸ்ஆர்எஸ்-க்குள் வந்தால், எடுக்கும் நாளில் அதில் பாதியும் வரிக்குரிய வருமானமாகிவிடும். வெளியே வைத்திருந்தால் ஒரு காசு வரி இருந்திருக்காது. கணக்கில் சேரும் தொகை சின்னதாக இருக்கும் வரை இது பெரிய விஷயம் இல்லை. முப்பது வயதில் தொடங்கி முழு வரம்பையும் ஆண்டுதோறும் போட்டு நன்றாக முதலீடும் செய்பவர்களுக்கு, 62 வயதில் அது கணிசமான தொகையாகிவிடும். அவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது இது.

இனி முன்கூட்டியே வேலையை விட்டவர்கள் கதைக்கு வருகிறேன்.

எஸ்ஆர்எஸ்-இல் அபராதம் இல்லாமல் எடுக்கும் வயது, நீங்கள் முதன்முதலில் பணம் போட்ட நாளில் சட்டப்படி ஓய்வு வயது எதுவோ அதுதான். 2022 ஜூலை 1க்கு முன் போட்டவர்களுக்கு 62. அதற்குப் பிறகு போட்டவர்களுக்கு 63. 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64 ஆவதால், அதற்கப்புறம் திறந்து முதல் பணம் போடுபவர்களுக்கு 64. ஒருமுறை பூட்டிய வயது பிறகு மாறாது. அதனால்தான் ஒரு வெள்ளியாவது போட்டுத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அது நல்ல யோசனை. எனக்கு 62 என்று எழுதியாகிவிட்டது. ஆனால் நான் வேலையை விட்டது 57இல். நடுவில் ஐந்து ஆண்டுகள் சம்பளம் இல்லை, எஸ்ஆர்எஸ்-ஐ அபராதம் இல்லாமல் தொட முடியாது, சிபிஎஃப் பணத்திலிருந்து வாழ்நாள் முழுக்க மாதாமாதம் தரும் சிபிஎஃப் லைஃப் 65இல்தான் வரும்.

அந்த ஐந்து ஆண்டுகளைச் சேமிப்பையும், 55 வயதில் எடுத்த சிபிஎஃப் பணத்தையும் வைத்து ஓட்டினோம். 2016இல் எனக்கு 55 ஆனபோது முழு ஓய்வுக்காலத் தொகை, அதாவது பின்னாளைய மாத வருமானத்துக்காக சிபிஎஃப்-இலேயே விட வேண்டியது, 161,000 வெள்ளி. அதை ஒதுக்கிவிட்டு மீதியை எடுத்தேன். அதற்கு வரி கிடையாது. சிபிஎஃப்-இலிருந்து வரும் எதற்குமே வரி கிடையாது. மகன் கல்யாணமாகிப் பொங்கோல் போன பிறகு, ஈசூனில் அவன் இருந்த அறையை மாதம் 1,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டோம். அதுவும் கைகொடுத்தது.

இந்த இடைவெளியில் எஸ்ஆர்எஸ்-ஐத் தொடவே கூடாது என்று பலரும் நினைக்கிறார்கள். முழுக்கச் சரியல்ல. வயதுக்கு முன் எடுத்தால் எடுத்த தொகை முழுவதும் வரிக்குரிய வருமானமாகும், அதோடு 5 விழுக்காடு அபராதமும் உண்டு. படித்தவுடன் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வேலை இல்லாத, வேறு வருமானமும் இல்லாத ஓர் ஆண்டில் 20,000 வெள்ளி எடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. ஆக வரி பூஜ்யம், அபராதம் 1,000. அந்த 20,000ஐப் போட்ட காலத்தில் 11.5 விழுக்காட்டு அடுக்கில் இருந்தவர் அன்றே 2,300 வெள்ளி மிச்சம் பிடித்திருப்பார். அபராதம் கட்டிய பிறகும் 1,300 வெள்ளி கையில் நிற்கிறது. என் நண்பர் ஒருவர் 56இல் வேலையை விட்டவர், இப்படித்தான் ஓர் ஆண்டு எடுத்துத் தாயாரின் மருத்துவச் செலவைச் சமாளித்தார். கடன் வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். காலண்டர் ஆண்டு முழுவதும் வேறு வருமானம் இருக்கக் கூடாது என்பதுதான் முக்கியம். ஜூன் வரை சம்பளம் வாங்கிவிட்டு டிசம்பரில் எடுத்தால் இந்தக் கணக்கு சரிவராது, ஜனவரி வரை பொறுக்க வேண்டும்.

சரி, 62க்குப் பிறகு. இப்போது எனக்கு வரும் பணம் எங்கிருந்தெல்லாம் என்று சொன்னால் வரிக் கணக்கு புரியும். எஸ்ஆர்எஸ்-இலிருந்து ஆண்டுக்கு 24,000 வெள்ளி எடுக்கிறேன். எஸ்ஆர்எஸ் பணத்தின் ஒரு பகுதியில் 52 வயதில் வாங்கிய ஆயுள் ஆன்யுட்டி (உயிரோடு இருக்கும் வரை பணம் தரும் காப்பீட்டுத் திட்டம்) மாதம் 200 வெள்ளி தருகிறது. அறை வாடகை ஆண்டுக்கு 12,000. 65 ஆனதும் சிபிஎஃப் லைஃப். நான்கு வாய்க்கால் என்றாலும் வரித் துறையின் கண்ணில் நான்கும் ஒன்றல்ல.

எஸ்ஆர்எஸ் 24,000இல் பாதி, 12,000, வரிக்குரியது. ஆன்யுட்டி 2,400இல் பாதி, 1,200. வாடகை 12,000இல் செலவுக்கென்று 15 விழுக்காட்டை ரசீது இல்லாமலே கழித்துக்கொள்ளலாம், மீதி 10,200. சிபிஎஃப் லைஃப் எவ்வளவு வந்தாலும் பூஜ்யம். கூட்டினால் 23,400. மனைவிக்கு வருமானம் இல்லை, அந்தக் கழிவு 2,000. மிஞ்சுவது 21,400. முதல் 20,000க்கு வரி இல்லை, மீதி 1,400க்கு 2 விழுக்காடு. மொத்த வரி 28 வெள்ளி. 2025 மதிப்பீட்டு ஆண்டில் அரசாங்கம் 60 விழுக்காடு தள்ளுபடி கொடுத்ததில் நான் கட்டியது 11 வெள்ளி 20 காசு. ஆண்டுக்கு 38,400 வெள்ளி கைக்கு வருகிறது, அதற்கு இவ்வளவுதான் வரி.

இதனால்தான், ஆண்டுக்கு 40,000க்கு மேல் எடுக்கவே எடுக்காதீர்கள் என்ற அறிவுரையை நான் அப்படியே ஏற்பதில்லை. வேறு வருமானம் இல்லாதவர் 40,000 எடுத்தால் வரி பூஜ்யம் என்பது உண்மை. அவரே 60,000 எடுத்தால்? பாதி 30,000, வரி 200 வெள்ளி. அவ்வளவுதான். அந்த 200க்குப் பயந்து பணத்தை 0.05 விழுக்காட்டில் உட்கார வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வரியைவிடக் கவனிக்க வேண்டிய கோடு வேறொன்று இருக்கிறது. வங்கி ஊழியர் யாரும் அதை என்னிடம் சொன்னதில்லை. ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரிச் சுமையைக் குறைக்க அரசாங்கம் தரும் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு ரொக்கம் கிடைப்பதற்கு உங்கள் மதிப்பீட்டுக்குரிய வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். 2025இல் அது 39,000 வெள்ளி. எஸ்ஆர்எஸ்-இலிருந்து எடுத்ததில் வரிக்குரிய பாதி இந்தக் கணக்கில் சேரும். மனைவிக்கான கழிவு போன்ற தனிநபர் கழிவுகளை இதில் கழிக்க மாட்டார்கள். என்னை எடுத்துக்கொள்வோம். நான் ஓர் ஆண்டில் 55,000 எடுத்தால் 27,500, ஆன்யுட்டி, வாடகை எல்லாம் சேர்ந்து 38,900. வரம்புக்குள். வரி 441 வெள்ளி 50 காசு. இன்னும் 5,000 சேர்த்து 60,000 எடுத்தால் வருமானம் 41,400. வரி 529. வரியில் கூடியது 87 வெள்ளி 50 காசுதான், ஆனால் 850 வெள்ளி ரொக்கம் போய்விடும். வீட்டைப் புதுப்பிக்க, பேரப்பிள்ளை படிப்புக்கு என்று ஒரே ஆண்டில் பெரிய தொகை எடுக்க நினைப்பவர்கள் இந்தக் கோட்டைப் பார்த்து, முடிந்தால் டிசம்பரில் பாதியும் ஜனவரியில் பாதியுமாக எடுங்கள். இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் கணக்கில் போய்விடும்.

அப்புறம் பத்தாண்டு விஷயம். அபராதம் இல்லாமல் முதன்முதலில் எடுக்கும் நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். முடியும்போது மிச்சம் இருந்தால், அதன் பாதியை அந்த ஆண்டே எடுத்ததாக வைத்து வரி போட்டுவிடுவார்கள். பத்தாண்டு என்பது தேதியிலிருந்து தேதிக்கு. ஆகவே ஜனவரி 1ஆம் தேதி தவிர வேறு எந்த நாளில் தொடங்கினாலும் பதினொரு காலண்டர் ஆண்டுகள் உள்ளே வரும். நான் 2023 நவம்பரில் தொடங்கினேன், 2033 நவம்பர் வரை போகும். ஆண்டுக்கு 40,000 என்று வைத்தாலும் 400,000க்குப் பதில் 440,000 வரி இல்லாமல் எடுக்க இடம் கிடைக்கிறது. என் பணத்துக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் பெரிய தொகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு முழு ஆண்டு கூடுதலாகக் கிடைப்பது லேசான விஷயம் அல்ல.

62 ஆன அன்றே எடுக்கத் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னும் வேலையில் இருப்பவர் சம்பளத்தோடு சேர்த்து எடுத்தால் பாதித் தொகை மேல் அடுக்கில் போய் உட்காரும். வேலையை விட்ட பிறகு தொடங்கினால் போதும், கடிகாரம் அன்றுதான் ஓடத் தொடங்கும். ஒருமுறை இப்படி எடுத்துவிட்டால் அதன் பிறகு கணக்கில் பணம் போட முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆயுள் ஆன்யுட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். எஸ்ஆர்எஸ் பணத்தில் வாங்கும் ஓய்வுக்காலத் திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பணம் தரும் திட்டத்தில், வரும் தொகை திரும்ப எஸ்ஆர்எஸ் கணக்குக்குள்தான் விழும். அங்கிருந்து நாம் எடுக்க வேண்டும், பத்தாண்டுக் கணக்குக்கும் உட்பட்டது. உயிரோடு இருக்கும் வரை தரும் ஆன்யுட்டி என்றால் பணம் நேரே கைக்கு வரும், பத்தாண்டு வரம்பு கிடையாது, ஆனால் வாழ்நாள் முழுக்க ஒவ்வோர் ஆண்டும் பாதிக்கு வரிக் கணக்கு உண்டு. நான் வாங்கியபோது விற்றவர் இந்த வித்தியாசத்தைச் சொல்லவே இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வயது 75, 80 ஆகி வேறு வரிக்குரிய வருமானம் எதுவும் இல்லாதபோது மாதம் 200 வெள்ளியால் வரி வரப்போவதில்லை என்பதால் எனக்கு அது பாரம் இல்லை. வாடகைக்கு இன்னொரு சொத்து வைத்திருப்பவர் பெரிய ஆன்யுட்டி வாங்கும் முன் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

சேவை எப்படி? என் வங்கியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. முதன்முறை எடுக்கும்போது கிளைக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை படிவத்தைப் பணிவாக எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போடும் முன் உள்ளே இருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து, "அங்கிள், எடுத்து என்ன செய்யப் போறீங்க? இந்தப் பிளானில் போட்டுருங்க" என்று ஆரம்பித்தார். அறுபது வயதைத் தாண்டியவர் தன் பணத்தைக் கேட்டு வரும்போது இன்னொரு பத்தாண்டுக்குப் பூட்டச் சொல்வது சரியில்லை. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்ன பிறகு வேலை நடந்தது. இப்போதெல்லாம் இணையத்திலேயே எடுக்கிறேன், அதில் தொல்லை இல்லை. முதலீட்டை விற்றுப் பணமாக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓய்வு வயது வந்தவர்கள் பங்குகளை அப்படியே தங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம், அன்றைய மதிப்பை எடுத்த தொகையாகக் கணக்கில் வைப்பார்கள். சந்தை விழுந்து கிடக்கும் நேரத்தில் விற்க மனம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

வரித் துறை பக்கம் எனக்கு முழுத் திருப்தி. சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளம் வழியாக நுழைந்தால் எஸ்ஆர்எஸ்-இலிருந்து எடுத்த தொகை ஏற்கெனவே அங்கே இருக்கும், வங்கியே அனுப்பிவிடுகிறது. வாடகையை மட்டும் நாம் போட வேண்டும். ஏப்ரல் 18க்குள் முடித்துவிட்டால் போதும். ஆண்டு முழுக்கத் தாள்களைச் சேர்த்து வைக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை, வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தவிர.

இது எவ்வளவு எளிது என்பது என் தங்கையின் கதையைக் கேட்டபோதுதான் உறைத்தது. அவள் கல்யாணமாகி இங்கிலாந்தில் லெஸ்டர் போனவள், 58 வயதில் வேலையை விட்டாள். நகர மன்ற வேலைக்கு ஆண்டுக்கு 9,000 பவுண்டு பென்ஷன், அதற்கு முன் பார்த்த கம்பெனி வேலைக்கு 5,000 பவுண்டு. அங்கே பென்ஷன் எல்லாமே வருமானம்தான், பாதிச் சலுகை கிடையாது. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. 2021இலிருந்து அந்தத் தொகை அசையவே இல்லை. ஒவ்வொரு பென்ஷனுக்கும் தனித்தனியாக வரிக் குறியீடு ஒன்று உண்டு, பிடித்தம் அதன்படி நடக்கும். வழக்கமாக வரி இல்லாத தொகை முழுவதையும் ஒரு பென்ஷனுக்கு 1257எல் என்று கொடுத்துவிட்டு, இரண்டாவதற்கு பிஆர் என்று போடுவார்கள். பிஆர் என்றால் முதல் பவுண்டிலிருந்தே 20 விழுக்காடு.

அவள் விஷயத்தில் பாருங்கள். 9,000 பவுண்டு பென்ஷனில் வரி இல்லை, ஆனால் சலுகையில் 3,570 பயன்படாமல் கிடக்கும். 5,000 பவுண்டு பென்ஷனில் 1,000 பிடிப்பார்கள். உண்மையில் அவள் கட்ட வேண்டியது 14,000இலிருந்து 12,570 போக 1,430க்கு 20 விழுக்காடு, 286 பவுண்டு. 714 பவுண்டு கூடுதல். "அண்ணே, ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கூட்டிப் பார்த்தாத்தான் தெரியுது" என்றாள். வரித் துறைக்கு ஃபோன் போட்டுச் சலுகையை இரண்டு பென்ஷனுக்கும் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்டாள், பிரித்துக் கொடுத்தார்கள். கேட்காவிட்டாலும் ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்க முடியும், ஆனால் மாதாமாதம் கையில் இருக்க வேண்டிய பணம் அதுவரை இருக்காது. 67 வயதில் அரசாங்கப் பென்ஷன் வரும்போது மறுபடியும் மாறும். 2025-26 ஆண்டில் முழு அரசாங்கப் பென்ஷன் வாரத்துக்கு 230.25 பவுண்டு, ஆண்டுக்கு 11,973. அதில் நேரடிப் பிடித்தம் எதுவும் இல்லை, ஆனால் வரி இல்லாத தொகையை ஏறக்குறைய முழுதும் அதுவே தின்றுவிடும். அப்போது மற்ற இரண்டு பென்ஷனிலும் பிடித்தம் ஏறும். அங்கே உறவினர் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். புதிதாக ஒரு பென்ஷன் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குறியீட்டைப் பார்க்க வேண்டும்.

நமக்கு இங்கே அந்தக் கவலை இல்லை. வெளிநாட்டிலிருந்து இங்கே வசிக்கும் தனிநபருக்கு வரும் பென்ஷனுக்கும் 2004இலிருந்து சிங்கப்பூரில் வரி கிடையாது. அனுப்பும் நாடு பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி.

இப்போது எங்கள் வீட்டில் ஓடும் பேச்சு சிபிஎஃப் லைஃப்-ஐ 65இல் தொடங்குவதா, தள்ளிப்போடுவதா என்பது. ஓர் ஆண்டு தள்ளினால் மாதத் தொகை 7 விழுக்காடு வரை கூடும், 70 வயது வரை தள்ளலாம். எப்போது எடுத்தாலும் வரி இல்லை என்பதால் வரியை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நான் பார்ப்பது வேறு. சிபிஎஃப் ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் பணத்துக்குக் குறைந்தது 4 விழுக்காடு வட்டி. எஸ்ஆர்எஸ்-இல் பத்திரங்கள் முதிர்ந்து ரொக்கமாகக் கிடப்பதற்கு 0.05. பத்தாண்டுக் கெடுவும் எஸ்ஆர்எஸ்-க்குத்தான். ஆகவே எஸ்ஆர்எஸ்-ஐ முதலில் செலவழித்து, லைஃப்-ஐ 67 வரையாவது வளர விடலாம் என்பது என் எண்ணம். மனைவிக்கு 65இலேயே தொடங்கிவிட வேண்டும் என்று ஆசை. உடம்பில் தெம்பு இருக்கும்போது காசி, ராமேஸ்வரம் போய் வர வேண்டும் என்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தச் செலவை எஸ்ஆர்எஸ்-இலிருந்தே, மேலே சொன்ன கோட்டுக்குள், கூடுதலாக எடுத்துச் செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது சும்மா கிடக்கும் பணத்துக்குக் கொடுக்கும் வட்டிக்காகவும், ஓய்வு வயதில் வரும் வாடிக்கையாளரிடம் வங்கிகள் புதுத் திட்டம் விற்கப் பார்ப்பதற்காகவும். ஆண்டு வருமானம் 80,000க்கு மேல் இருந்து, அவசரத்துக்கென்று தனியாகச் சேமிப்பும் வைத்திருப்பவர்கள் தாராளமாகத் திறக்கலாம். வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் கழுத்தைப் பிடிக்கும் வயதில் இருப்பவர்கள் ஒரு வெள்ளி போட்டு வயதைப் பூட்டிக்கொண்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. சிபிஎஃப்-க்கு வாரிசை நியமிக்கிறோம், அது அங்கேயே முடிந்துவிடும்; உயிலில் எழுதினாலும் செல்லாது. எஸ்ஆர்எஸ் அப்படி இல்லை. அதற்கு நியமனம் கிடையாது, மற்ற சொத்தோடு சேர்ந்து உயிலின்படிதான் போகும், உயில் இல்லாவிட்டால் சட்டப்படி. இறந்தவர் கணக்கில் உள்ளதை அன்று எடுத்ததாகவே வைத்துப் பாதிக்கு வரி பார்ப்பார்கள். சிபிஎஃப்-இல் பெயர் கொடுத்திருக்கிறேனே, எல்லாவற்றுக்கும் அது போதும் என்று நினைத்திருந்த இரண்டு பேரைச் சிராங்கூன் சாலையில் ஒரு வழக்குரைஞரிடம் நானே கூட்டிப் போயிருக்கிறேன். உயில் எழுதாமல் எஸ்ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் இந்த மாதமே எழுதிவிடுங்கள். வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள்.